விலைக்கழிவும் சம்பளக்கழிவும்

தமிழிலே கழிவு என்ற சொல்லுக்குப் பொருள் பல. கடைக்காரர் விலையிற் குறைத்துத் தருவதும் கழிவு. முதலாளி சம்பளத்திற் பிடித்துக்கொள்வதும் கழிவு. உதவாதெனத் தெருவோரத்தில் வீசப்படுவதும் கழிவே. இம்மூன்று பொருளும் ஒரே கூரையின் கீழ், ஒரே மனிதரின் வாழ்வில் ஒன்றுகூடும் இடம் ஒன்றுண்டு. நமது நகரங்களிற் பெருகிவரும் மலிவு விற்பனைப் புடைவைக் கடையே அது.

கண்டி நகரை எடுத்துக்கொள்வோம். டி. எஸ். சேனாநாயக்க வீதியிலும், கொழும்பு வீதியிலும், கொட்டுகொடெல்ல வீதியிலும் பண்டிகைக் காலத்தில் நடந்து செல்வோர் கண்ணில் முதலிற் படுவது அரைவாசி விலை, கால்வாசி விலை என்று அறிவிக்கும் பதாகைகளே. ஏப்ரலிற் புத்தாண்டு, மேயில் வெசாக், எசல மாதத்திற் பெரஹரா, பின்னர் தீபாவளி, அதனையடுத்து நத்தார் என்று ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு காரணம் பற்றி விலைக்கழிவு அறிவிக்கப்படுகிறது. வாங்குவோர் மகிழ்கின்றனர். மகிழ்வதிலே தவறில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்ட நாடு இது. அந்நாட்களில் ஒரு முழுச் சட்டைத் துணிக்குக் கணக்குப் பார்க்காத குடும்பம் மலைநாட்டில் ஒன்றேனும் இருந்திருக்குமா என்பது ஐயமே. ஆகவே மலிவை நாடும் ஏழையை நாம் குறை கூறவில்லை. நாம் கேட்பது வேறொரு வினா. அந்த விலைக்கழிவு யாருடைய மடியிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படுகிறது?

முதலாளியின் மடியிலிருந்து என்று பதாகை கூறுகிறது. அது பொய். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவன் கதை நம்மவர் அறிந்ததே. அக்கதையில் தேங்காய்க்கு உரியவன் யார், புண்ணியம் தேடிக்கொள்பவன் யார் என்பதைக் கண்டுகொண்டால் மலிவு விற்பனையின் பொருளியல் பாதி விளங்கிவிடும்.

மேசைக்குப் பின்னால் நிற்பவர்கள் யார் என்பதை முதலில் நோக்குவோம். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, ஹந்தானை ஆகிய பகுதிகளின் தோட்டங்களிலிருந்து காலையில் முதற் பஸ் ஏறி வருகின்ற இளைஞரும் யுவதியரும் இவர்களிற் பலர். கிராமத்துச் சிங்களக் குடும்பங்களின் பிள்ளைகளும், அக்குறணை, மடவளை போன்ற ஊர்களின் முஸ்லிம் வாலிபரும் அவர்களோடு நிற்கின்றனர். சாதாரண தரப் பரீட்சையில் ஓரிரு பாடங்களிலே தவறியவர்கள், உயர்தரம் படித்தும் பல்கலைக்கழக வாயிலைக் காணாதவர்கள், தங்கையின் படிப்புக்காகத் தம் படிப்பை நிறுத்திக்கொண்டவர்கள் என இவர்களின் வரலாறுகள் வேறுபடினும், இவர்கள் அனைவரும் நமது வகுப்பறைகளிலிருந்து சென்றவர்கள் என்பதை இவ்விதழைப் படிக்கும் ஆசிரியர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

தெல்தோட்டைக்கு அருகிலுள்ள லூல்கந்துரவில் 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டான். அன்று தொட்டு அம்மலைகளில் உழைத்த மக்களுக்கு இன்றுவரை நிலம் இல்லை; வாழும் லயன் அறையும் அவர்களுடையதன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் அந்த வழக்கு முடிவுக்கு வந்தது. 2024 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதுவும் வேலை கொடுக்கப்பட்ட நாளுக்கு மட்டுமே. இந்நிலையில் தோட்டத்துப் பிள்ளை கொழுந்துக் கூடையைத் தொட மறுத்து நகரத்துக் கடையை நாடுவது இயல்பு. அட்டைக்கடியும் மழையும் இல்லாத, மின்விளக்கு எரிகின்ற, நல்லுடை உடுத்தி நிற்கக்கூடிய வேலை என்று அவள் எண்ணுகிறாள். கொழுந்து மலையிலிருந்து விடுதலை கிடைத்துவிட்டதென அவளுடைய தாயும் எண்ணுகிறாள்.

ஆனால் கங்காணி அவளுக்கு முன்பே நகரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான். இங்கே அவனுக்கு மேற்பார்வையாளர் என்று பெயர். பெரட்டுக்களத்தின் இடத்தைக் கடை திறக்குமுன் நடக்கும் காலைக் கூட்டம் பிடித்துக்கொண்டது. தோட்டங்களில் அக்காலத்திலே துண்டு முறை என்று ஒன்றிருந்தது. தொழிலாளியின் கடனைக் குறித்த ஒரு காகிதத் துண்டு அவனைக் கங்காணியோடு பிணைத்துவைத்தது. 1921ஆம் ஆண்டில் அம்முறை ஒழிக்கப்பட்டது. இன்றைய கடையிலோ பண்டிகை முற்பணம் அந்தத் துண்டின் வேலையைச் செய்கிறது. பிள்ளையின் கல்விச் சான்றிதழின் மூலப்பிரதியை வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் வழக்கமும் பல கடைகளில் உண்டு. நூறு ஆண்டுகள் கழிந்தன, காகிதம் மாறியது, பிணைப்பு மாறவில்லை.

இனி, நிர்வாகச் சீர்கேடு என்ற பேச்சுக்கு வருவோம். இத்தகைய கடையில் வேலை பார்த்த எவரைக் கேட்டாலும் ஒரே விதமான முறைப்பாடுகள் வரும். தேவைக்கு மிஞ்சிய சரக்கு வந்து குவியும்; களஞ்சிய அறையில் இடமிராது; அளவுகள் கலந்துபோகும்; விலைச்சீட்டு ஒட்டப்படாமலோ பிழையாக ஒட்டப்பட்டோ இருக்கும். காசுமேசை மூன்றிருக்கும், காசாளர் ஒருவரே இருப்பார். நாளைய வேலைநேரம் இன்றிரவுதான் தெரியவரும். முகாமையாளர் ஒருவர் காலையிற் சொன்னதை மற்றொருவர் மாலையில் மறுப்பார். வரிசையில் நின்று சலித்த வாடிக்கையாளரின் சினம், அதற்கு எவ்வகையிலும் பொறுப்பில்லாத இருபது வயதுப் பெண்ணின் தலைமேல் இறங்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இதனைக் கேட்ட நல்லெண்ணமுடையோர் சிலர், இது வெறும் திறமைக் குறைவு, படித்த முகாமையாளர் ஒருவரை அமர்த்தினால் எல்லாம் சீராகும் என்கின்றனர். இந்தக் கருத்தையே நாம் முக்கியமாக மறுக்கவேண்டியுள்ளது. சீர்கேட்டினால் உண்டாகும் நட்டத்தை யார் சுமக்கிறார் என்பதை அவர்கள் நோக்கவில்லை. ஆண்டிறுதியிற் சரக்குக் கணக்கெடுக்கும்போது பத்துச் சட்டை குறைகிறதென்றால், அந்தப் பகுதியில் நின்ற சிப்பந்திகளின் சம்பளத்தில் அது பங்கிட்டுக் கழிக்கப்படுகிறது. பில்லிற் பிழை நேர்ந்தால் காசாளர் கட்டுகிறார். ஆட்குறைவினால் வேலை தேங்கினால், கதவை மூடிய பின்னர் இரண்டு மணிநேரம் சம்பளமின்றித் துணி மடிப்பவர்கள் அதனை ஈடுசெய்கின்றனர். தன் தவறுக்குத் தானே விலை கொடுக்க நேரும் முதலாளி விரைவிலே திருந்துவான். பிறர் விலை கொடுக்கும்வரை திருந்தவேண்டிய அவசியம் அவனுக்கு ஏன் வருகிறது? சீர்கேடு அவனுக்கு மலிவு, ஒழுங்கே செலவு. ஆகவே இக்கடைகளின் ஒழுங்கின்மையைத் தற்செயலெனக் கொள்வதற்கில்லை. கீழுள்ளவர் தலையில் நட்டத்தை இறக்கும் முறைமை இருப்பதனாலேதான் அது நீடிக்கிறது.

படித்த முகாமையாளர்களும் பட்டம் பெற்ற செல்வர்களும் நடத்திய பெருங்கடைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் உலகம் கண்டது. இங்கிலாந்திலே 1928இல் தொடங்கப்பட்டு, ஆடையும் வீட்டுப் பொருளும் விற்றுவந்த பிரிட்டிஷ் ஹோம் ஸ்டோர்ஸ் என்னும் நிறுவனத்தை 2000ஆம் ஆண்டில் பிலிப் கிரீன் என்ற செல்வர் வாங்கினார். முதலாண்டுகளில் அதிலிருந்து பெருந்தொகை பங்கிலாபமாக எடுக்கப்பட்டது. கடைகள் பழசாயின. 2015இல் அந்நிறுவனம் முழுவதும் ஒரே ஒரு பவுணுக்குக் கைமாறியது. 2016 ஆகஸ்டில் கடைசிக் கதவும் மூடப்பட்டபோது ஏறத்தாழ 11,000 பேர் வேலை இழந்தனர். ஓய்வூதிய நிதியிலே 57 கோடிப் பவுணுக்கு மேற்பட்ட துண்டு விழுந்திருந்தது. பாராளுமன்றம் விசாரித்துக் கண்டித்த பின்னரே அத்துண்டின் ஒரு பகுதியைக் கிரீன் கட்டினார். அங்கே பாராளுமன்றக் குழு கேள்வி கேட்டது. நமது நகரத்துக் கடையொன்று ஓரிரவிற் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு மறைந்தால், மறுநாட் காலையிற் பூட்டிய கதவின் முன் நிற்கும் இருபது பேருக்காகக் கேள்வி கேட்பவர் யார்?

மலிவின் வேர் கடையோடு நின்றுவிடுவதுமில்லை. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கப்பட்டது. 1992இல் அரசு 200 ஆடைத் தொழிற்சாலைகளை நாடெங்கும் பரப்பும் திட்டத்தை அறிவித்தது. கண்டிக்கு அருகே பல்லேகலையிலும் கைத்தொழில் வலயம் எழுந்தது. அவற்றில் ஏற்றுமதிக்கெனத் தைக்கப்பட்டு மிஞ்சியதும், சிறுகுறை கண்டு ஒதுக்கப்பட்டதுமான துணிகள் மலிவு விற்பனைக் கடைகளை வந்தடைகின்றன. தைத்தவளும் விற்பவளும் ஒரே ஊர்ப் பெண்களாக இருப்பதும் உண்டு. ஐரோப்பாவின் மலிவு விலைக்காக வங்காளதேசத்திலே ரானா பிளாசாக் கட்டடம் 2013 ஏப்ரல் 24ஆம் நாள் இடிந்து விழுந்து 1,100க்கு மேற்பட்டோர் மாண்டபோது, மலிவுச் சட்டைக்கு யார் விலை கொடுக்கிறார் என்பது உலகறிய வெளிப்பட்டது.

கார்ல் மார்க்ஸ், தமது மறைவுக்குப் பின் 1894இல் எங்கெல்ஸ் பதிப்பித்து வெளியிட்ட மூலதனத்தின் மூன்றாம் பாகத்திலே வணிகத்துறைக் கூலியாளரைப் பற்றி ஆராய்கிறார். கடைச் சிப்பந்தி நேரடியாக உபரிப் பெறுமதியைப் படைப்பதில்லை. எனினும் தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் படைக்கப்பட்ட உபரியின் ஒரு பங்கைத் தனதாக்கிக்கொள்ள வணிகனுக்கு உதவுவது அச்சிப்பந்தியின் ஊதியம் பெறாத உழைப்பே என்பது அவ்வாராய்ச்சியின் சாரம். இதனை விளங்கிக்கொண்டால் மலிவுக் கடையின் மர்மம் அவிழும். போட்டிக்காக விலையைக் குறைக்கும் வணிகன் வாடகையைக் குறைக்க முடியாது. மின் கட்டணத்தைக் குறைக்க முடியாது. வங்கி வட்டியைக் குறைக்க முடியாது. அவன் கைக்கு எட்டும் தூரத்திலே குறைக்கக்கூடியதாக நிற்பது ஒன்றே. அது மேசைக்குப் பின்னால் நிற்கும் பெண்ணின் நேரமும் சம்பளமும்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1953ஆம் ஆண்டின் ஹர்த்தால் இந்நாட்டு ஆளும் வர்க்கத்தை உலுக்கிய மறு ஆண்டிலே, 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நிறைவேறியது. நாளொன்றுக்கு 8 மணி, வாரமொன்றுக்கு 45 மணி என அது வேலைநேரத்தை வரையறுத்தது. மேலதிக வேலை வாரத்துக்கு 12 மணிநேரத்தைத் தாண்டலாகாது. வாரத்தில் ஒன்றரை நாள் சம்பளத்துடன் விடுமுறை. ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமைய விடுமுறையும். வேலைக்குச் சேரும்போது நிபந்தனைகளை எழுத்தில் தரும் நியமனக் கடிதம். இவை யாவும் அச்சட்டத்தில் உள்ளன. பௌர்ணமி நாளில் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு சம்பளம் கொடுக்கவேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டம். ஐந்தாண்டு பணிசெய்தவருக்கு ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு என்கிறது 1983ஆம் ஆண்டின் சட்டம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை 9 மணிக்குத் திறந்து இரவு 7.30க்கு மூடும் கடையிலே, உணவு வேளை ஒரு மணிநேரத்தைக் கழித்தால் நாளொன்றுக்கு ஒன்பதரை மணி வேலை. வாரத்தில் ஆறு நாளுக்கு 57 மணி. அதாவது சட்டம் அனுமதிக்கும் மேலதிக வேலையின் உச்ச எல்லை முழுவதும் சாதாரண வாரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. பண்டிகைக் காலத்தில் ஏழு நாளும் கடை திறந்தால் 66 மணி 30 நிமிடம். அந்த மேலதிக மணிகளுக்கான கொடுப்பனவு எங்கே? நியமனக் கடிதமே இல்லாதவள் எதைக் காட்டிக் கேட்பாள்? ஐந்தாண்டு நிரம்புமுன் மனம் வெறுத்து விலகுபவர்களால் பணிக்கொடைச் செலவு மிச்சமாகிறது என்பதையும் இங்கே கவனிக்கவேண்டும். ஆள் நிலைக்காத கடை என்று நாம் இகழ்வது முதலாளிக்கு ஆதாயக் கணக்கு.

சேமலாப நிதியின் கணக்கு இதனினும் கொடியது. 2025இல் திருத்தப்பட்ட தேசியக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம், மாதச் சம்பளத்தை அவ்வாண்டு ஏப்ரல் முதல் 27,000 ரூபாய் என்றும், 2026 சனவரி முதல் 30,000 ரூபாய் என்றும் நிர்ணயித்தது. 30,000 ரூபாய்ச் சம்பளத்தில், 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி ஊழியரின் பங்கு 8 வீதம், 2,400 ரூபாய். முதலாளியின் பங்கு 12 வீதம், 3,600 ரூபாய். 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி செலுத்தவேண்டியது 3 வீதம், 900 ரூபாய். ஆக, மாதம் 6,900 ரூபாய். ஆண்டுக்கு 82,800 ரூபாய். முதலாளி தன் பங்கைச் செலுத்தாதுவிட்டால் அது சட்டமீறல். ஊழியரின் 2,400 ரூபாயைச் சம்பளத்திற் கழித்துக்கொண்டு நிதிக்கு அனுப்பாதுவிட்டால் அதற்குத் தமிழிலே ஒரே பெயர்தான் உண்டு: களவு. ஒரு சட்டையை ஒளித்துச் சென்ற சிறுவனைப் பொலிசில் ஒப்படைக்கும் கடை, இருபது சிப்பந்திகளின் பணத்தை மாதந்தோறும் ஒளித்துவைக்கும்போது அதனை நிர்வாகச் சிக்கல் என்று நாகரிகமாக அழைக்கிறது.

இவ்வளவும் கேட்டபின் ஒரு மறுப்பு எழும். சட்டத்தை இறுக்கினால் சிறு வணிகர் கடையை மூடிவிடுவர், இருக்கும் வேலையும் போய்விடும் என்பதே அது. இது புதிய வாதமன்று. எட்டுமணி வேலைநேரம் கோரப்பட்ட நாளிலும் பிள்ளைகளைச் சுரங்கத்திலிருந்து மீட்ட நாளிலும் முதலாளிகள் இதையே சொன்னார்கள், உலகம் அழிந்துவிடவில்லை. உண்மையிற் சிறு வணிகனை நசுக்குவது சட்டத்தை மீறும் போட்டியாளனே. நேர்மையாகச் சேமலாப நிதி கட்டும் கடையும், அதனை விழுங்கிவிட்டு அந்தத் தொகையை விலைக்கழிவாக அறிவிக்கும் கடையும் ஒரே வீதியில் அருகருகே இருந்தால், வாடிக்கையாளர் எங்கே செல்வார்? சட்டம் எல்லோர்மீதும் ஒருபோலச் செல்லாதவிடத்து நேர்மையே நட்டமாகிவிடுகிறது.

நிற்கும் கால்களைப் பற்றியும் சில சொற்கள் கூறவேண்டும். கடையில் ஆள் இல்லாத வேளையிலும் உட்காரலாகாது என்பது நமது புடைவைக் கடைகளின் எழுதாத விதி. உட்கார்ந்திருப்பவள் சோம்பேறி என வாடிக்கையாளர் எண்ணிவிடுவாராம். இங்கிலாந்திலே 1899ஆம் ஆண்டில், கடையில் வேலைசெய்யும் மூன்று பெண்களுக்கு ஓர் ஆசனமேனும் இருக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. அதனைக் கருணையால் எவரும் அளிக்கவில்லை. அந்நாளிலே அங்கும் சிப்பந்திகள் கடையின் மேல்மாடியிலேயே தங்கவைக்கப்பட்டனர்; நெடிய விதிப்பட்டியலும் அபராதமும் அவர்களை ஆண்டன. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் இளமையிலே புடைவைக் கடையொன்றிற் பயிலுநராக நின்று வெறுத்து வெளியேறியவர். பிரைட்டன் நகரிற் பதினான்கு வயதிலே கடைச் சிப்பந்தியாகச் சேர்ந்த மார்கரெட் பொண்ட்பீல்ட், சிப்பந்திகளின் தொழிற்சங்கத்திலே உழைத்து, கடைகளின் நிலைமையை ஆராய்ந்து எழுதி, 1929இல் இங்கிலாந்தின் அமைச்சரவையில் இடம்பெற்ற முதற் பெண்ணானார். மேசைக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு வரலாறு இல்லையென எவர் சொல்ல முடியும்?

அயலிலே நடந்ததும் நமக்குப் பாடமாகும். கேரளத்தின் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவிலே தையற்காரியான விஜி என்பவரும் அவருடைய தோழியரும் பெண்கூட்டு என்ற அமைப்பை உருவாக்கினர். கடைப் பெண்களுக்கு மலசலகூடம் வேண்டும் என்பதே அவர்களின் முதற் கோரிக்கை. நாள் முழுவதும் நீர் அருந்தாமல் வேலைசெய்த பெண்களின் கோரிக்கை அது. அடுத்து உட்காரும் உரிமையைக் கேட்டனர். நகைத்தவர் பலர். 2018இல் கேரள அரசு அவ்வுரிமையைச் சட்டமாக்கியது. 2021இல் தமிழ்நாட்டுச் சட்டசபையும் கடைகளில் வேலைசெய்வோருக்கு ஆசனம் அளிக்கவேண்டும் எனத் திருத்தம் நிறைவேற்றியது. சென்னை ரங்கநாதன் தெருவின் கடைப் பிள்ளைகளுடைய துயரத்தை வசந்தபாலன் 2010இல் "அங்காடித் தெரு" என்ற திரைப்படத்திற் காட்டினார். அதைப் பார்த்து மனமுருகிய கண்டி ரசிகர், மறுநாள் கொழும்பு வீதியிற் சட்டை வாங்கும்போது அதே காட்சி எதிரில் நிற்பதைக் காணாதது ஏன்?

காணாததற்குக் காரணங்களில் ஒன்று இனவாதம். கடையைக் கண்டவுடன் அது எந்த இனத்தவருடையது என்று கேட்கும் பழக்கம் நம்மிடையே வளர்க்கப்பட்டுள்ளது. 2013 மார்ச்சிலே கொழும்புக்கு அருகே பெப்பிலியானையில் முஸ்லிம் ஒருவருக்குச் சொந்தமான ஆடை நிறுவனத்தின் களஞ்சியம் தாக்கப்பட்டது. 2018 மார்ச்சிலே கண்டி மாவட்டத்தின் திகனையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. தீ வைத்தவர்கள் எந்தச் சிப்பந்தியின் சேமலாப நிதியையும் மீட்டுத் தரவில்லை. எரிந்த கடையில் வேலைசெய்தவன் எந்த இனத்தவனாயினும் மறுநாள் வேலையற்றவனாயினான். தமிழ் முதலாளி தமிழ்ப் பிள்ளையின் சம்பளத்தைக் கூட்டிக் கொடுப்பதில்லை. சிங்கள முதலாளி சிங்களப் பிள்ளையை உட்காரவிடுவதில்லை. நம்ம ஆள் என்ற சொல்லை வேலைக்குச் சேர்க்கும் நாளிற் கூறுபவர்கள் சம்பள நாளில் அதனை மறந்துவிடுகின்றனர். மூன்று மொழி பேசுவோர் ஒரே மேசையின் பின்னால் நின்று ஒரே கழிவை இழக்கின்றனர் என்பதே உண்மை.

இவர்கள் ஏன் ஒன்றுசேரவில்லை? இலங்கை வர்த்தக ஊழியர் சங்கம் 1928இல் ஏ. ஈ. குணசிங்கவினால் தோற்றுவிக்கப்பட்டது. 1948இல் அதன் பொதுச் செயலாளரான பாலா தம்பு 2014இல் மறையும்வரை அப்பொறுப்பில் நின்று, வர்த்தக நிறுவனங்களின் எழுதுவினைஞரையும் தொழிலாளரையும் இன வேறுபாடின்றி அணிதிரட்டினார். ஆயினும் பத்துப் பேர், இருபது பேர் எனச் சிதறி, ஆண்டுக்கொருமுறை ஆள் மாறும் சிறு கடைகளுக்குள் சங்கம் புகுவது அரிதாகவே இருந்துவந்துள்ளது. சட்டமோ தடையாயில்லை. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி ஏழு பேர் கூடினால் ஒரு சங்கத்தைப் பதிவுசெய்யலாம். சங்கத்திற் சேர்ந்தமைக்காக வேலையிலிருந்து நீக்குவது 1999ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின்படி நியாயமற்ற தொழில் நடைமுறை. ஆனால் இவற்றை அந்தப் பிள்ளைகளுக்கு எவர் சொன்னார்கள்?

இவ்விடத்தில் ஆசிரியத் தோழர்களையும் மாணவ நண்பர்களையும் நோக்கி நாம் பேசவேண்டியுள்ளது. பதினோராண்டு பள்ளியில் இருந்த ஒரு பிள்ளைக்குப் பாராளுமன்றத்தின் அமைப்பு தெரிகிறது. மகாவலியின் நீளம் தெரிகிறது. ஆனால் நியமனக் கடிதம் என்பது தன் உரிமை என்று தெரியவில்லை. அவள் நாளைக்கு வேலைசெய்யப்போகும் வாழ்வைப் பற்றிய கல்வி அவளுக்குக் கொடுக்கப்படவில்லை. இதனைச் சரிசெய்யக் கல்வியமைச்சின் சுற்றறிக்கைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் பள்ளியைவிட்டுப் போகுமுன் ஒரு பாடவேளை போதும். வேலைநேரம் எவ்வளவு, சம்பளச் சீட்டில் என்ன இருக்கவேண்டும், சேமலாப நிதி இலக்கத்தை எவ்வாறு கேட்டறிவது, தொழில் திணைக்களத்தின் கண்டி அலுவலகத்தில் முறைப்பாட்டை எவ்வாறு எழுதிக் கொடுப்பது என்பவற்றைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். சான்றிதழின் மூலப்பிரதியை எந்த முதலாளியிடமும் விட்டுவராதே என்ற ஒரு வரியை மட்டும் பதித்துவிட்டாலும் அது வீண்போகாது.

பல்கலைக்கழக மாணவர்க்கும் பணியுண்டு. பேராதனையிலிருந்து கண்டி நகர் கூப்பிடு தூரம். தொழிலாளி வர்க்கத்தைப் பற்றி ஆய்வு செய்வோர் ஒரு மாலையேனும் கடைகள் மூடும் நேரத்தில் மணிக்கூட்டுக் கோபுரத்தருகே பஸ்ஸுக்கு ஓடும் அவர்களோடு பேசட்டும். எத்தனை மணி வேலை, எவ்வளவு கழிவு, எத்தனை பேருக்குக் கடிதம் உண்டு என்று தமிழிலும் சிங்களத்திலும் குறித்துத் தொகுத்தால், அது தொழிற்சங்கங்களுக்கும் தொழில் அதிகாரிகளுக்கும் மறுக்கவொண்ணாத ஆதாரமாகும். நமது எழுத்தாளரும் கொழுந்து மலையை எழுதியதுபோல இந்தத் துணி மலையையும் எழுதட்டும். தோட்டத்துப் பிள்ளையின் கதை மலையடிவாரத்தோடு முடிந்துவிடவில்லை. அது நகரத்துக்குள் வந்து விட்டது.

கோரிக்கைகள் பெரியனவல்ல. ஒவ்வொரு சிப்பந்திக்கும் நியமனக் கடிதம், மாதந்தோறும் சம்பளச் சீட்டு, சேமலாப நிதிக்குச் செலுத்தியதற்கான சான்று, சரக்குக் குறைவைச் சம்பளத்திற் கழிக்கும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி, மேலதிக வேலைக்குக் கணக்கும் கொடுப்பனவும், மேசைக்குப் பின்னால் ஆசனம், மலசலகூடம், பண்டிகைக் காலத்திலே தொழில் பரிசோதகர்களின் திடீர்ச் சோதனை. இவற்றுட் பெரும்பாலானவை அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சட்டப் புத்தகத்தில் ஏறியவை. எஞ்சியவை எந்த நாகரிக நாட்டிலும் கேட்காமலே கிடைக்கவேண்டியவை.

இவற்றைக் கொடுத்தால் சட்டையின் விலை சிறிது கூடும் என்பார்கள். கூடட்டும். அந்தச் சிறு கூடுதலைத் தாங்க முடியாத அளவுக்கு உழைக்கும் மக்களின் வருவாய் குன்றியிருப்பின், அதற்கு மருந்து இன்னொரு தொழிலாளியின் வயிற்றில் அடிப்பதன்று. எல்லோருடைய சம்பளத்தையும் உயர்த்தப் போராடுவதே. கொழுந்து பறிக்கும் தாய் தன் மகளின் களவுபோன சம்பளத்தால் மலிவாக்கப்பட்ட சேலையை வாங்கி மகிழவேண்டும் என்று கூறும் பொருளியல் நமக்கு வேண்டாம். ஏழு பேர் கூடினால் சங்கம். அந்த ஏழு பேர் இன்று கண்டியின் ஒவ்வொரு வீதியிலும் நிற்கின்றனர். அவர்கள் ஒருவரையொருவர் தோழரென அறிந்துகொள்ளும் நாளை விரைவுபடுத்துவது, எழுத்தறிவித்தவர்கள் என்ற பெயருக்கு உரிய நம் எல்லோருடைய கடமை.